மல்டிபாத் சரி என்றது, டேட்டாபேஸ் விழுந்தது: ஒரு வால்யூம் குரூப் நிகழ்வு ஆய்வு

ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு சானில், அதாவது சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் தனி நெட்வொர்க்கில், ஒரு ஸ்விட்சுக்கு ஃபர்ம்வேர் மாற்றும் வேலை இருந்தது. ஸ்விட்ச் ஏறத்தாழ 40 நிமிடம் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்கள் சர்வர் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபைபர் சேனல் போர்ட் உண்டு. ஒன்று ஃபேப்ரிக் ஏ ஸ்விட்சுக்குப் போகும், மற்றது ஃபேப்ரிக் பி ஸ்விட்சுக்கு. ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலருக்கும் வழி உண்டு. ஆக ஒரு லன்னுக்கு, அதாவது ஸ்டோரேஜ் நமக்கு வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும், நான்கு பாதைகள். இரண்டு போனாலும் இரண்டு மிச்சம் இருக்கும். இந்த நான்கையும் ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக் காட்டி, ஒன்று அறுந்தால் இன்னொன்றில் அனுப்புவதுதான் மல்டிபாத்.

அன்று மாலை நானே எல்லா லினக்ஸ் சர்வரிலும் 'மல்டிபாத் -எல்எல்' கொடுத்துப் பார்த்தேன். எல்லா லன்னுக்கும் நான்கு பாதை, எல்லாமே ஆக்டிவ், ரெடி, ரன்னிங். பார்த்துவிட்டு, வேலையைத் தொடங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அந்தக் கையெழுத்து ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாதைகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். டேட்டா அந்தப் பாதைகள் வழியாகத்தான் போகிறதா என்று பார்க்கவில்லை.

அன்று நடந்தது

11.10க்கு ஃபேப்ரிக் ஏ ஸ்விட்ச் இறங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் சர்வரிலிருந்து எச்சரிக்கை வந்தது. டேட்டா ஃபைல் ஒன்றுக்கு எஃப்சிங்க் செய்யும்போது, அதாவது எழுதியதை டிஸ்க்கில் உறுதியாக இறக்கும்போது, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை (ஐஓ பிழை), அதனால் பேனிக், டேட்டாபேஸ் தன்னை நிறுத்திக்கொண்டது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களிலிருந்து போஸ்ட்கிரெஸ் இப்படித்தான் நடந்துகொள்கிறது. எஃப்சிங்க் தோற்றால், மறுபடி முயன்று பார்த்துச் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு போகாது. நின்றுவிடும். எனக்கு அது முழுக்கச் சரியான முடிவாகவே படுகிறது. அன்று அது நின்றதால்தான் டேட்டா பிழைத்தது.

நின்ற டேட்டாபேஸ் தானாக எழுந்து மீட்சி ஓட்டப் பார்த்தது. அதே பிழையில் மறுபடி விழுந்தது. மற்ற சர்வர்கள் எல்லாம் இரண்டு பாதையை இழந்த செய்தியை லாகில் எழுதிவிட்டு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஒன்றுதான் விழுந்திருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் குழப்பம் கூடியது. ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகித்தான் இருந்தது. எல்எஸ் கொடுத்தால் பட்டியல் வந்தது. பழைய டேபிள்களின் ஃபைல்களை டிடி கட்டளை கொண்டு படித்தால் முழுதாகப் படிக்க முடிந்தது. சில ஃபைல்கள் மட்டும் பாதியில் பிழை கொடுத்து நின்றன. டிஸ்க் போயிருந்தால் எல்லாம் போயிருக்க வேண்டும், போகவில்லை என்றால் எதுவும் போயிருக்கக் கூடாது. இது இரண்டிலும் சேரவில்லை.

ஸ்டோரேஜ் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டேன். "நம்ம பக்கம் எல்லாம் கிளீன் சார். பி பக்கத்துல ரெண்டு பாத்தும் லாகின் ஆகித்தான் இருக்கு. உங்க ஐஓவும் அதுல வந்துகிட்டுதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஐந்து லன்னில் நான்குக்கு ஐஓ உண்மையாகவே பி வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

சரி, ஸ்விட்ச் திரும்பி வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். 11.50க்கு ஸ்விட்ச் ஏறியது. 'மல்டிபாத் -எல்எல்' மறுபடி எல்லா லன்னுக்கும் நான்கு பாதை காட்டியது. டேட்டாபேஸைக் கிளப்பினோம். அதே பிழை. அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. காரணம் நீங்கிய பிறகும் நோய் போகவில்லை என்றால் காரணத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

வரிசையில் ஓர் எழுத்து இல்லை

லினக்ஸின் மையமான கர்னலின் செய்திகளில் ஒரு வரி விடாமல் வந்துகொண்டிருந்தது: 1:0:0:4 என்ற எண்ணுள்ள ஸ்கஸி சாதனம் இறந்துவிட்டது, அதற்கு வரும் ஐஓவை மறுக்கிறேன். அந்த எண்ணைப் பிரித்துப் படித்தால், 1ஆம் ஹோஸ்ட் போர்ட், 0ஆவது சேனல், 0ஆவது டார்கெட், 4ஆவது லன். 1ஆம் போர்ட் என்றால் ஃபேப்ரிக் ஏ. அதற்கு மேலே பழைய வரிகளில் சாதனத்தின் பெயர் எஸ்டிஆர் என்று இருந்தது.

என்னோடு உட்கார்ந்திருந்த தம்பி டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலை மேலிருந்து கீழாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தான். எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாக எஸ்டிகியூ வரை வந்து நின்றான். "அண்ணா, கியூவுக்கு அப்புறம் நேரா எஸ் வருது. ஆர் இல்ல. கடைசில புதுசா வி ஒண்ணு இருக்கு."

அதுதான் அன்று இரவு கிடைத்த முதல் நிஜமான துப்பு. இல்லாத ஒரு டிஸ்க்கின் பெயரைச் சொல்லி யாரோ ஐஓ அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார்?

'டிஎம்செட்அப் டேபிள்' கொடுத்து, டேட்டா இருக்கும் லாஜிக்கல் வால்யூமின் வரிகளைப் பார்த்தோம். பல டிஸ்க்குகளை ஒரே வால்யூம் குரூப்பாகச் சேர்த்து, அதிலிருந்து லாஜிக்கல் வால்யூம்களை வெட்டித் தருவது எல்விஎம். ஒரு லாஜிக்கல் வால்யூமின் எந்தப் பகுதி எந்தச் சாதனத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கர்னல் வைத்திருக்கும் கணக்கு அது. எல்விஎம் நமக்குச் சொல்வது தனி. கர்னல் ஐஓவை உண்மையில் எங்கே அனுப்புகிறது என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும். ஐந்து வரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 1,04,85,67,808 செக்டார் நீளம், அதாவது 500 ஜிபி லன்னில் 4 எம்பி அளவுள்ள 1,27,999 எக்ஸ்டென்ட். முதல் நான்கு வரிகள் 253:3, 253:4, 253:5, 253:6 என்று முடிந்தன. ஐந்தாவது வரி 65:16 என்று முடிந்தது.

இந்த எண்கள் பழகியவர்களுக்கு அங்கேயே விஷயம் புரிந்துவிடும். இரட்டைப் புள்ளிக்கு முன்னால் இருப்பது சாதனத்தின் வகை எண். அந்த சர்வரில் 253 என்றால் டிவைஸ் மேப்பர், அதாவது டிஸ்க்குகளின் மேல் புதிய சாதனங்களைக் கட்டும் கர்னல் பகுதி. மல்டிபாத் கட்டிக் கொடுக்கும் சாதனங்கள் அந்த எண்ணில்தான் இருக்கும். 8 என்றால் முதல் 16 ஸ்கஸி டிஸ்க்குகள், எஸ்டிஏ முதல் எஸ்டிபி என்ற 16ஆவது எழுத்து வரை. 65 என்றால் அடுத்த 16. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 16 எண் ஒதுக்குவதால் 65:0 எஸ்டிகியூ, 65:16 எஸ்டிஆர்.

அதாவது இந்த வால்யூமின் ஐந்தாவது பகுதி மல்டிபாத் சாதனத்தின் மேல் உட்காரவே இல்லை. நான்கு பாதைகளில் ஒற்றைப் பாதையான எஸ்டிஆர் மேல் நேராக உட்கார்ந்திருந்தது. முதல் நான்கு பகுதிகளில் இருந்த ஃபைல்கள் படித்ததும், ஐந்தாவதில் இருந்தவை தோற்றதும் இதனால்தான். ஐந்தாவது லன் சேர்ந்த பிறகு வளர்ந்த டேபிள்களில்தான் அடி விழுந்திருந்தது.

ஏழு மாதம் முன்பு

ஐந்தாவது லன் சேர்ந்தது ஏழு மாதத்துக்கு முன்பு. டேட்டா வால்யூம் நிறைந்துகொண்டிருந்த ஒரு பகல்பொழுதில் அவசரமாகக் கேட்டு வாங்கிய இடம் அது. அன்றைய வேலைக் குறிப்பையும் ஷெல் வரலாற்றையும் எடுத்துப் பார்த்ததில் கதை அச்சாகத் தெரிந்தது.

புதிய லன்னைக் கண்டுபிடிக்க 1ஆம் ஹோஸ்ட்டின் ஸ்கேன் ஃபைலில் '0 0 4' என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கமாக மூன்று கோடு போடுவோம், அதற்கு எல்லா சேனல், எல்லா டார்கெட், எல்லா லன் என்று பொருள். ஓடும் டேட்டாபேஸ் சர்வரில் முழு ஸ்கேன் வேண்டாம் என்ற ஜாக்கிரதையில் குறிப்பாக ஒரே ஒரு முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். ஜாக்கிரதையாகத்தான் செய்தார்கள். ஆனால் அதன் விளைவு, நான்கு பாதைகளில் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. ஏற்கெனவே நான்கு லன்னுக்கு 16 பாதைகள், எஸ்டிஏவுக்கு அடுத்த எஸ்டிபி முதல் எஸ்டிகியூ வரை இருந்தன. அடுத்த பெயர் எஸ்டிஆர்.

இங்கே மல்டிபாத் அமைப்பில் உள்ள 'ஃபைண்ட்_மல்டிபாத்ஸ்' என்ற ஒரு விருப்பம் நுழைகிறது. அந்தத் தலைமுறை ரெட் ஹேட் லினக்ஸில் மல்டிபாத்தை எம்பாத்கான்ஃப் கட்டளை மூலம் இயக்கினால் இது 'யெஸ்' என்றுதான் எழுதப்படும். ஒரே டிஸ்க்குக்கு இரண்டாவது பாதை தெரியும் வரை அதை மல்டிபாத் என்று எடுத்துக்கொள்ளாதே என்று அதற்குப் பொருள். லோக்கல் டிஸ்க்கின் மேல் தேவையில்லாமல் மல்டிபாத் ஏறாமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அன்று எஸ்டிஆர் ஒற்றைப் பாதையாக நின்றது. மல்டிபாத்தை நடத்தும் பின்னணி நிரலான மல்டிபாத்டி அதைத் தொடவில்லை. எல்எஸ்பிஎல்கேயில் 500 ஜிபி வெற்று டிஸ்க்காகத் தெரிந்தது. டிஸ்க்கை எல்விஎம்முக்குத் தயாராக்கும் பிவிகிரியேட், குரூப்பில் சேர்க்கும் விஜிஎக்ஸ்டெண்ட், வால்யூமைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட், ஃபைல் சிஸ்டம் வளர்ப்பு, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அப்புறம் மாலையில் வேறொருவர் முழு ஸ்கேன் ஓட்டியிருக்கிறார். மற்ற மூன்று பாதைகளும் எஸ்டிஎஸ், எஸ்டிடி, எஸ்டியூ என்று வந்தன. நான்கும் ஒரே லன் என்று கண்ட மல்டிபாத்டி நான்கையும் சேர்த்து எம்பாத்-இ என்ற சாதனத்தைக் கட்டியது.

எஸ்டிஆரை ஏற்கெனவே லாஜிக்கல் வால்யூம் பிடித்து வைத்திருக்கும்போது மல்டிபாத் எப்படி அதை எடுக்க முடிந்தது என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அது உறுத்தியது. டிவைஸ் மேப்பர் ஒரு டிஸ்க்கைத் தனக்கென்று பிடிக்கும்போது டிவைஸ் மேப்பர் என்ற ஒரே பெயரில்தான் பிடிக்கிறது. அப்படி இருந்தால்தான் ஒரே டிஸ்க்கின் மேல் பத்து லாஜிக்கல் வால்யூம் இருக்க முடியும். லாஜிக்கல் வால்யூமும் டிவைஸ் மேப்பர் சாதனம், மல்டிபாத்தும் டிவைஸ் மேப்பர் சாதனம். அதனால் கர்னல் இருவரையும் விட்டுவிட்டது. டிஸ்க்கின் மேல் ஃபைல் சிஸ்டம் நேராக மவுன்ட் ஆகியிருந்தால் மல்டிபாத்துக்கு 'பிஸி' என்று பதில் கிடைத்து, அன்றே யாராவது கவனித்திருப்போம். இங்கே எந்தச் சத்தமும் வரவில்லை. எம்பாத்-இ நான்கு பாதையோடு முழு ஆரோக்கியமாக நின்றது. அதன் வழியாக ஒரு பைட்கூடப் போகவில்லை.

இடையில் ஒரு தடவை சர்வரை ரீபூட் செய்திருந்தால் இது தானாகவே சரியாகியிருக்கும். எம்பாத்-இயின் அடையாள எண் அதற்குள் மல்டிபாத்தின் டபிள்யூடபிள்யூஐடி பட்டியலில் ஏறிவிட்டது. பூட் ஆகும்போது மல்டிபாத் முந்திக்கொண்டு எஸ்டிஆரைப் பிடித்திருக்கும், எல்விஎம் எம்பாத்-இயின் மேல் எழுந்திருக்கும். ஏழு மாதமாக அந்த சர்வர் ரீபூட் ஆகவில்லை.

எல்விஎம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். எல்விஎம் சும்மா இருக்கவில்லை. எஸ்டிஆரிலும் எம்பாத்-இயிலும் ஒரே பிசிகல் வால்யூம் (எல்விஎம் எடுத்துக்கொண்ட டிஸ்க்) அடையாளம் தெரிந்தது. மல்டிபாத்தின் கீழே இருக்கும் பாதைகளைக் கண்டு ஒதுக்கும் ஒரு சோதனை எல்விஎம்மில் உண்டு. ஆனால் அந்தத் தலைமுறையில் அது ஒரு டிஸ்க்கின் மேல் ஒரே ஒரு சாதனம் இருக்கும் என்று எதிர்பார்த்தது. எஸ்டிஆர் மேல் இரண்டு இருந்தன, எம்பாத்-இயும் நம் வால்யூமும். அதனால் அந்தச் சோதனையிலிருந்து எஸ்டிஆர் தப்பிவிட்டது.

அதற்குப் பிறகும் எல்விஎம் இரட்டை பிசிகல் வால்யூம் இருப்பதைக் கண்டுபிடித்தது. பிசிகல் வால்யூம்களைப் பட்டியலிடும் பிவிஎஸ் கொடுத்த ஒவ்வொரு முறையும் எம்பாத்-இயைப் பயன்படுத்தவில்லை, வால்யூம் எஸ்டிஆரில் ஓடுவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று எச்சரித்தது. பட்டியலின் ஐந்தாவது வரியிலும் எஸ்டிஆர் என்றே இருந்தது. அந்த வால்யூம் குரூப்பை யாராவது மறுபடி பெரிதாக்க முயன்றிருந்தால் இரட்டை இருக்கும்போது மாற்ற மாட்டேன் என்று தடுத்துமிருக்கும். யாருக்கும் அந்தத் தேவை வரவில்லை.

எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மணிக்கும் எல்விஎம் கட்டளையை ஓட்டியது. குரூப்பில் மீதி இடம் எவ்வளவு என்ற ஒரு எண்ணை எடுக்க மட்டும்தான். பிழை வெளியீட்டை நேராக டெவ் நல்லுக்கு, அதாவது போனதெல்லாம் மறையும் இடத்துக்கு, தள்ளியிருந்தோம், மெயில் பெட்டி நிறைகிறது என்பதற்காக. ஒரு நாளைக்கு 24 தடவை வீதம் ஏழு மாதமாக எல்விஎம் சொன்னதைக் காது கேட்காத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஸ்விட்ச் திரும்பியும் ஏன் திரும்பவில்லை

ஃபைபர் சேனல் பாதை ஒன்று அறுந்தால் கர்னல் இரண்டு கடிகாரங்களைத் தொடங்கும். முதலாவது எங்கள் அமைப்பில் 5 வினாடி. அதற்குள் பாதை வராவிட்டால் அதில் நிற்கும் ஐஓவைப் பிழையோடு மேலே திருப்பி அனுப்பும். மேலே மல்டிபாத் இருந்தால் அந்தப் பிழையைத் தானே வாங்கிக்கொண்டு, அதே ஐஓவை இன்னொரு பாதையில் அனுப்பிவிடும். ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்றும் தெரியாது. 5 வினாடி என்று சின்னதாக வைப்பதே மல்டிபாத் சீக்கிரம் மாறிக்கொள்ளத்தான். எஸ்டிஆரின் மேலே பிழையை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அது நேராக எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்குப் போய், அங்கிருந்து போஸ்ட்கிரெஸுக்குப் போனது. மல்டிபாத்துக்கு உதவவேண்டிய சின்ன அவகாசம் இங்கே கெடுதலாக முடிந்தது.

இரண்டாவது கடிகாரம் 600 வினாடி. அதுவும் தாண்டினால் கர்னல் அந்தப் பாதையின் டிஸ்க்குகளையே நீக்கிவிடும். ஸ்விட்ச் 40 நிமிடம் இல்லை. ஃபேப்ரிக் ஏ பக்கத்து 10 டிஸ்க்குகளும் நீக்கப்பட்டன. ஒன்பதை மல்டிபாத் ஒழுங்காக விட்டுவிட்டதால் அவற்றின் பெயர்கள் காலியாயின. எஸ்டிஆரை மட்டும் நம் லாஜிக்கல் வால்யூம் பிடித்த பிடியாகப் பிடித்திருந்தது. ஸ்விட்ச் திரும்பியபோது அந்தப் பெயர் இன்னும் காலியாகவில்லை. அதனால் புதிதாக வந்த 10 டிஸ்க்குகளும் காலியான ஒன்பது பெயர்களையும் அடுத்ததாக இருந்த எஸ்டிவியையும் எடுத்துக்கொண்டன. வால்யூமோ இறந்துபோன பழைய 65:16க்கே ஐஓ அனுப்பிக்கொண்டிருந்தது. தம்பியின் விரல் நின்ற இடைவெளி இதுதான்.

மீட்டது எப்படி

காரணம் தெரிந்த பிறகு செய்தவை சுலபம். போஸ்ட்கிரெஸை முழுதாக நிறுத்தினோம். ஃபைல் சிஸ்டத்தை அன்மவுன்ட் செய்தோம். எக்ஸ்எஃப்எஸ் எழுத முடியாத மெட்டாடேட்டா இருப்பதாகச் சொல்லித் தன்னை மூடிக்கொண்டுதான் இறங்கியது. விஜிசேஞ்ச் கொண்டு வால்யூம் குரூப்பை அணைத்தோம். 65:16ஐப் பிடித்திருந்த கை அப்போதுதான் விட்டது. எந்த டிஸ்க்குகளை எல்விஎம் பார்க்கலாம் என்று சொல்லும் ஃபில்டரில் மல்டிபாத் சாதனங்களையும் லோக்கல் டிஸ்க்கையும் மட்டும் அனுமதித்து, மற்ற எல்லாவற்றையும் மறுத்தோம். குரூப்பை மறுபடி ஏற்றினோம்.

மவுன்ட் செய்வதற்கு முன் 'டிஎம்செட்அப் டேபிள்' மறுபடி பார்த்தோம். ஐந்தாவது வரி 253:9 என்று இருந்தது. எம்பாத்-இயின் எண். அதைத் தம்பி சத்தமாகப் படித்த பிறகுதான் மவுன்ட் கட்டளையைக் கொடுத்தேன்.

எக்ஸ்எஃப்எஸ் தன் ஜர்னலை ஓட்டிச் சரிசெய்துகொண்டது. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் போஸ்ட்கிரெஸின் 'வால்' பதிவுகள் லோக்கல் டிஸ்க்கில் தனி வால்யூமில் இருந்ததால் அவற்றுக்கு எதுவும் ஆகவில்லை. அதிலிருந்து மீட்சி ஓடி 1.20க்கு டேட்டாபேஸ் எழுந்தது. அதோடு விடவில்லை. எழுந்தது என்பது வேறு, முழுதாக இருக்கிறது என்பது வேறு. டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி_டம்ப்பை டெவ் நல்லுக்கு ஓட்டி எல்லா டேபிளின் எல்லா வரியையும் ஒரு முறை படிக்க வைத்தோம். விடியற்காலை வரை ஓடியது. ஒரு பிழையும் இல்லை.

பிறகு சோதனைக்கூடத்தில் இதையே திரும்பக் கட்டிப் பார்த்தோம். சாதாரண நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் ஐஸ்கஸியில் இரண்டு வழி வைத்த ஒரு டார்கெட், முதலில் ஒற்றை வழியில் பிவிகிரியேட், பிறகு இரண்டாவது வழி. அச்சு அசலாக அதே நிலை வந்தது. அங்கே இன்னொன்றையும் கண்டோம். பாதை உயிரோடு இருக்கும்போதே ஃபில்டரைத் திருத்திவிட்டு 'எல்விசேஞ்ச் --ரெஃப்ரெஷ்' கொடுத்தால், ஃபைல் சிஸ்டத்தை இறக்காமலே வால்யூம் மல்டிபாத் சாதனத்துக்கு மாறிவிடுகிறது. ஃபில்டர் முதலில், ரெஃப்ரெஷ் பிறகு. மாற்றிச் செய்தால் எல்விஎம் மறுபடி பழைய பாதையையே எடுத்துக்கொள்ளும். ஏழு மாதத்தில் எந்த நாளிலும், யாரையும் நிறுத்தாமல், ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பிழை விழுந்துவிட்ட ஃபைல் சிஸ்டத்தில் நான் இதைச் செய்யமாட்டேன். அங்கே இறக்கி ஏற்றுவதே ஒழுங்கு.

இது லினக்ஸுக்கே உரிய தொல்லையா?

ஓரளவுக்கு ஆமாம். ஹெச்பியின் பழைய யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸில் இரண்டு பாதையும் இரண்டு டிஸ்க் பெயராகத்தான் தெரியும். ஆனால் இரண்டாவது பெயரை விஜிஎக்ஸ்டெண்ட் கொண்டு அதே குரூப்பில் சேர்த்தால் எல்விஎம்மே அதை மாற்று இணைப்பு என்று புரிந்துகொள்ளும். பாதை மாற்றுவது வால்யூம் குரூப்பின் வேலையாகவே இருந்தது. 2007இல் வந்த '11ஐ வி3' பதிப்பு அதைக் கர்னலுக்குள் கொண்டுபோய், ஒரு லன்னுக்கு ஒரு நிரந்தரப் பெயர் என்று ஆக்கியது. ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் 2002இல் 5.2 பதிப்போடு எம்பிஐஓ என்ற தன் பல பாதை ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, பாதைகள் ஹெச்டிஸ்க் என்ற ஒரே டிஸ்க் பெயரின் கீழே மறைந்துவிட்டன. எல்எஸ்பாத் கொடுத்தால் பார்க்கலாம், ஆனால் ஒரு பாதையின் மேல் பிசிகல் வால்யூம் கட்ட யாருக்கும் வழி இல்லை.

லினக்ஸின் எல்விஎம்மை 1998இல் ஹைன்ஸ் மவெல்ஸ்ஹாகன் எழுதியபோது ஹெச்பி-யூஎக்ஸின் எல்விஎம்மைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். கட்டளைப் பெயர்கள்கூட ஒன்றுதான். ஆனால் பாதை மாற்றும் வேலை இங்கே டிவைஸ் மேப்பர் மல்டிபாத் என்று தனியாகப் போய்விட்டது. சேர்த்துக் கட்டிய சாதனமும் அதன் நான்கு தனிப் பாதைகளும் ஒரே டெவ் அடைவில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடக்கின்றன. எல்விஎம்முக்கு ஐந்துமே டிஸ்க்குகள்தான். எதை எடுக்க வேண்டும் என்று சொல்லவேண்டியவர்கள் நாம்.

புதிய பதிப்புகளில் நிலைமை மேல். ரெட் ஹேட் 9இல் எல்விஎம் ஒரு சாதனப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. மல்டிபாத்தின் டபிள்யூடபிள்யூஐடி ஃபைலையும் படித்து எது பாதை, எது டிஸ்க் என்று தீர்மானிக்கிறது. ஆனாலும் ஒற்றைப் பாதை மட்டும் தெரியும் நேரத்தில் ஒருவர் கையால் எஸ்டிஆரைப் பிவிகிரியேட்டுக்குக் கொடுத்தால் அது பட்டியலில் ஏறத்தான் செய்யும்.

மாற்றியவை

ஃபில்டர்தான் முதல் மாற்றம், அதில்தான் அதிகம் கவனம் வேண்டும். லோக்கல் டிஸ்க்கை அனுமதிக்க மறந்தால் சர்வர் அடுத்த பூட்டில் எழாது. சோதனை சர்வரில் எங்களுக்கு இது நடந்தது, எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றது. லோக்கல் டிஸ்க்கை எஸ்டிஏ என்ற பெயரால் அனுமதிப்பதும் கூடாது. அந்தப் பெயர் பூட்டுக்குப் பூட்டு மாறலாம். டிஸ்க்கின் மாறாத அடையாளமான டபிள்யூடபிள்யூஎன் கொண்ட பை-ஐடி பெயரைக் கொடுங்கள். இன்னொன்று, எல்விஎம் அமைப்பு ஃபைலின் ஒரு நகல், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இருக்கிறது. அதைக் கட்டும் டிராகட் கட்டளையை ஓட்டிப் புதுப்பிக்காவிட்டால் பூட் ஆகும்போது பழைய ஃபில்டர்தான் வேலை செய்யும். ஃபைலில் எழுதும் முன்பே, புதிய ஃபில்டரை '--கான்ஃபிக்' வழியாகப் பிவிஎஸ்ஸுக்குக் கொடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். எல்லா பிசிகல் வால்யூமும் அதில் தெரிந்தால்தான் எழுதுவோம்.

சான் சர்வர்களில் ஃபைண்ட்_மல்டிபாத்ஸை 'நோ' ஆக்கி, லோக்கல் டிஸ்க்கைக் கறுப்புப் பட்டியலில் போட்டோம். இனி ஒற்றைப் பாதை வந்தாலும் அதன் மேல் மல்டிபாத் சாதனம் உடனே கட்டப்படும், பிறகு வரும் பாதைகள் அதில் சேர்ந்துகொள்ளும். புதிய லன்னுக்கு நான்கு பாதை தெரியாமல் பிவிகிரியேட் கூடாது என்று வேலைத்தாளில் எழுதினோம், நான்கு பாதையும் தெரியும் 'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டை அதோடு இணைக்க வேண்டும்.

கண்காணிப்பை அடியோடு திருப்பினோம். முன்பு பாதையிலிருந்து மேலே பார்த்தோம். இப்போது ஒவ்வொரு லாஜிக்கல் வால்யூமிலிருந்தும் கீழே இறங்குகிறோம். 'எல்எஸ்பிஎல்கே -எஸ்' இதைத் தலைகீழ் மரமாகக் காட்டும்: மேலே எல்வி, அதன் கீழே எம்பாத், அதன் கீழே நான்கு டிஸ்க். சான் வால்யூம் ஒன்றின் கீழே எம்பாத் இல்லாமல் நேராக டிஸ்க் என்று வந்தால் அலாரம். எல்விஎம்மின் பிழை வெளியீடு இப்போது எங்கும் தள்ளப்படுவதில்லை, அது வந்தால் டிக்கெட் திறக்கும்.

இந்தச் சோதனையை நாங்கள் பார்த்துக்கொள்ளும் மற்ற சர்வர்களிலும் ஓட்டினோம். இன்னும் இரண்டில் இதே நிலை இருந்தது. ஒன்றை அன்றே ஃபில்டரும் ரெஃப்ரெஷும் கொண்டு சரிசெய்தோம். மற்றதில் வால்யூம் ஸ்னாப்ஷாட்டோடு இருந்ததால் ஓடும்போது தொட மனம் வரவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தித் திருத்தினோம்.

மூன்று வாரம் கழித்து ஃபேப்ரிக் பி ஸ்விட்சின் முறை வந்தது. இந்தத் தடவை முந்தைய நாளே ஒவ்வொரு சர்வரிலும் பி பக்கத்துப் பாதைகளை, ஒரு நேரத்துக்கு ஒரு சர்வர் என்று, கர்னலின் சாதன அமைப்புகளை மாற்ற உதவும் சிஸ்எஃப்எஸ் வழியாக ஆஃப்லைன் ஆக்கிப் பார்த்துவிட்டோம். இரவு ஸ்விட்ச் இறங்கியதும் தம்பி போஸ்ட்கிரெஸ் சர்வரின் லாகைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். ஐந்து லன்னிலும் இரண்டிரண்டு பாதை போன செய்தி வந்தது, 5 வினாடி ஐஓ தேங்கியது, பிறகு ஓடியது. "அஞ்சுமே மாறிடுச்சு அண்ணா" என்றான். 40 நிமிடமும் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டே இருந்தது.